மீடியம் வேவ் பெட்டியா, புது செட்டா, போனா: நம் கரைக்கு எது ஒத்து வரும்?

துபாயில் வேலை பார்க்கும், நம் ராமநாதபுரம் கரையின் பெரியபட்டினத்துத் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "வாப்பாவோட ரேடியோ நின்னு போச்சு காக்கா. முப்பது வருஷத்துப் பெட்டி. ரிப்பேருக்குக் கொடுக்கவா, லீவுக்கு வர்றப்ப நல்ல செட்டா ஒண்ணு வாங்கிட்டு வரவா, இல்ல போன்லயே கேட்டுக்கச் சொல்லவா?"

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒருவருக்குச் சந்தேகம் வேறு. "போன் கையில இருக்கு. படகுக்கு இன்னும் ரேடியோ வேணுமாண்ணே?" தொண்டிப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்குப் புயல் நாளைக்கென்று வீட்டில் ஒன்று வைக்க வேண்டும். எதை வாங்குவது என்று நாலு மாதமாக யோசிக்கிறார்.

மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் மீடியம் வேவ் (பெட்டியில் ஏ.எம். என்று போட்டிருக்கும் அலை) பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் எங்கள் வீட்டில் பலர் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களைக் கேட்டுத்தான் நாங்கள் தமிழைத் திருத்தமாக உச்சரிக்கப் பழகினோம். அந்தப் பிரியம் கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அளவுகோல்களை முதலில் வைக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, கரண்டும் டவரும் போன பிறகு அது பேசுமா என்பது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது என் லாத்தா (அக்கா) வீடு அதிராம்பட்டினத்தில். டவரில் பேட்டரி இருந்தவரை போன் எடுத்தது, அப்புறம் அதுவும் இல்லை. மச்சான் வைத்திருந்த இரண்டு செல் போடும் பெட்டியில் திருச்சி வானொலி, மீடியம் வேவ் 936, வந்தது. வெளியுலகச் செய்தி அந்தத் தெருவுக்கு அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் பல நாள் வந்தது.

பாம்பன் துறைமுகத்தில் இன்றும் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு எரியும். எண் 1 முதல் 11 வரை. ஒன்று என்றால் தூரத்துக் கடலில் காற்றழுத்தம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் ஆபத்து. பதினொன்றுக்குப் பொருள் வேறு: வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோய்விட்டது. தொடர்பு அறும் என்று முன்கூட்டியே எண்ணி அதற்கும் ஒரு கூண்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவைப் பார்த்த கரை இது. ரேடியோ வாங்கும்போதும் அந்தப் பதினொன்றை நினைத்துக்கொண்டு வாங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, கடலுக்குள் எத்தனை தூரம் வரும். மூன்றாவது, உப்புக்காற்றை எத்தனை வருஷம் தாங்கும், கெட்டால் உள்ளூரில் சரிசெய்ய முடியுமா. நான்காவது, வயதானவர் கைக்கும் கண்ணுக்கும் ஒத்து வருமா. ஐந்தாவது பணம். கடையில் கொடுப்பது மட்டுமல்ல, அப்புறம் மாதாமாதம் போவதும் சேர்த்துத்தான்.

## நம் கரையில் கணக்கு ஏன் மாறுகிறது

மதுரைக்காரர் ஒருவருக்கு நான் இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். காரணம் கடல்.

மீடியம் வேவ் அலை பகலில் தரையை ஒட்டியே போகும். காய்ந்த மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். கடல்நீரோ மண்ணைவிட ஆயிரம் மடங்கு என்ற அளவில் மின்சாரம் கடத்தும். அதன்மேல் போகும் அலை சீக்கிரம் தேயாது. தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் அலைபரப்பி. இலங்கை நேயர்களையும் மனதில் வைத்து நிறுவியது. வரைபடத்தில் பார்த்தால் மண்டபத்தைவிடப் பரமக்குடிதான் தூத்துக்குடிக்குக் கிட்ட. ஆனால் பரமக்குடிக்கு அலை மண்மேல் நடந்து போக வேண்டும். மண்டபத்துக்கு மன்னார் வளைகுடாத் தண்ணீர்மேல் வழுக்கி வந்துவிடும். அந்தக் காலத்தில் கொழும்பு நிலையம் நம் வீட்டுக்குள் பகலிலேயே பளிச்சென்று கேட்டதற்கும் இதுதான் காரணம். பொழுது சாய்ந்ததும், பகலில் அலையை விழுங்கும் வானத்து அடுக்கு கலைந்து, இன்னும் தூரத்து நிலையங்கள் மேலிருந்து திரும்பி விழும்.

எஃப்.எம். அப்படி வளைந்து கொடுக்காது. கோபுரத்தின் உச்சி எதுவரை பார்க்குமோ, கிட்டத்தட்ட அதுவரைதான். ராமேஸ்வரத்து டி.வி. கோபுரம் 323 மீட்டர். அந்த உயரத்திலிருந்துகூடக் கணக்குப்படி 74 கிலோமீட்டர் தாண்டினால் பூமியின் வளைவு மறைத்துவிடும். சமுதாய வானொலிகளுக்கு அரசு அனுமதிப்பதோ 100 வாட் சக்தியும் 30 மீட்டர் கம்பமும்தான். பாம்பனில் 2016-இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 அந்த வகை. மீனவர்களுக்கென்றே நடக்கும் நிலையம், நம் பேச்சிலேயே பேசும். அதைக் கேட்க முடிகிற தூரத்தில் இருப்பவர் எஃப்.எம். இல்லாத பெட்டியை வாங்கவே கூடாது. ஆனால் தேவிப்பட்டினத்திலோ வாலிநோக்கத்திலோ இருப்பவர் அதை நம்பி வாங்க முடியாது.

## வழி ஒன்று: பழைய பெட்டியைச் சரிசெய்வது

ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் ஒரு செட்டைக் கடன் வாங்கி, காலை ஏழு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை, அதே வீட்டில் வைத்து டயலை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். திருச்சி 936, தூத்துக்குடி 1053, திருநெல்வேலி 1197. ஆகாசவாணி பல ஊர்களில் மீடியம் வேவை நிறுத்தி எஃப்.எம்.-க்கு மாறி வருகிறது. பெட்டியை அருமையாகச் சரிசெய்து வைத்த பிறகு நிலையமே மூடிவிட்டால் அந்தப் பணம் வீண். பழைய பெட்டியின் மிகப் பெரிய ஆபத்து இதுதான், மெக்கானிக் கையில் இல்லை.

கடன் செட்டில் நன்றாகக் கேட்டது என்றால், வாப்பாவின் பெட்டியைத் திறக்கலாம். நம் ஊரில் ரேடியோ சாவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. வால்யூம் கன்ட்ரோலில் கரகரப்பு. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காய்ந்து போயிருக்கும். அலையை வாங்கும் ஃபெரைட் கம்பியில் சுற்றிய காயிலின் தலைமுடி போன்ற நுனி உப்பில் அரித்து அறுந்திருக்கும். டயல் நூல் இற்றிருக்கும். இவ்வளவும் சின்ன வேலைகள், சாமான்களும் சில்லறை விலைதான். போன வருஷம் இந்த மாதிரி ஒரு பெட்டிக்கு நான் கொடுத்தது 350 ரூபாய். முப்பது வருஷத்துப் பெட்டி என்றால் உள்ளே பெரும்பாலும் ஐ.சி. இருக்கும், அது இன்றும் கிடைக்கிறது. ஐம்பது வருஷத்துப் பெட்டி என்றால் ஏசி127, ஏசி128 மாதிரி ஜெர்மானியம் டிரான்சிஸ்டராக இருக்கலாம். அவற்றுக்குப் பழைய பெட்டிகளைப் பிரித்தெடுக்க வேண்டும், அந்த வேலை தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். உள்ளே சின்னச் சின்னத் தகரக் குடுவைகளாக, நிலையத்தைச் சரியாகப் பிரித்தெடுக்கும் ஐ.எஃப்.டி. காயில்கள் இருக்கும், தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத்தில் திருகு. பழுது எங்கே என்று தெரியாதவர் அதைத் திருகிப் பார்ப்பார். எங்கள் வாப்பாவின் மர்பி பெட்டியை ஒரு கடையில் கொடுத்தபோது எல்லாத் திருகையும் திருகி வைத்துவிட்டார்கள். வெறும் கண்டென்சர் மாற்றியிருந்தால் போதும். அலைன்மெண்ட், அதாவது அந்தக் காயில்களின் ஒத்திசைவு, போய், அப்புறம் அந்தப் பெட்டி பழைய மாதிரி பாடவே இல்லை. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார். எனக்கு இன்றும் அது ஆறவில்லை. ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "ஐ.எஃப்.டி.-யைத் தொடாதீங்க, தொடணும்னா முதல்ல எங்கிட்ட கேளுங்க."

கண்ணுக்குத் தெரியாத செலவு வீட்டுக்குள்ளே இருக்கிறது. விலை மலிந்த எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாம் மீடியம் வேவில் இரைச்சல் கொட்டும். "ரேடியோ முன்ன மாதிரி எடுக்கலை" என்று சொல்கிற வீடுகளில் பாதியில் ரேடியோ நன்றாகவே இருக்கும், பல்புதான் குற்றவாளி. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். பெட்டியைத் திண்ணைப் பக்கமோ ஜன்னல் பக்கமோ கொண்டு போவதே பல வீடுகளில் போதுமான மருந்து. பெட்டியை மெல்லத் திருப்பவும் செய்யுங்கள். உள்ளே கிடக்கும் ஃபெரைட் கம்பியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும். நுனி பார்த்தால் ஒலி செத்துவிடும். மண்டபத்திலோ பாம்பனிலோ இருந்தால், கம்பி கிழக்கு மேற்காகக் கிடந்தால் திருச்சி தூக்கும்.

மாதச் செலவு என்று பார்த்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. பெரிய டார்ச் செல் போடும் பெட்டி, தினம் நாலு மணி நேரம் மிதமான சத்தத்தில் கேட்டால் இரண்டு மாதம் ஓடும். கேட்காமல் வைத்திருந்தால் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். ஒழுகினால் ஸ்பிரிங்கும் போர்டும் சேர்ந்து போகும்.

## வழி இரண்டு: புது செட்

கடையில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் எஃப்.எம்., யு.எஸ்.பி., மெமரி கார்டு, டார்ச் என்று எல்லாம் கலந்த பெட்டிகள். பல பெட்டிகளில் மீடியம் வேவே இருக்காது. இருந்தாலும் உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ஃபெரைட் துண்டு. பழைய பெட்டியின் அரை முழக் கம்பி வாங்கும் அலையை இது வாங்காது. "ஏ.எம். இருக்கா" என்று கேட்பதோடு நிற்காமல், கடையிலேயே செல் போட்டு 936-ஐ எடுக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் வாங்கி வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. நம் நாட்டில் மீடியம் வேவ் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. அமெரிக்காவில் 10. அங்கிருந்து வரும் டிஜிட்டல் செட் 930-இலிருந்து 940-க்குத் தாவும், 936-இல் நிற்காது. 9, 10 என்று மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். துபாய்த் தம்பிக்கு இந்தக் கவலை கிடையாது, அங்கேயும் ஒன்பதுதான். பழைய ஜப்பான் செட்டுகளில் எஃப்.எம். 76-இல் தொடங்கி 90-இல் முடியும். 90.4 அதற்கு ஒரு மயிரிழை அப்பால்.

சிற்றலைக்காக (ஷார்ட் வேவ்) கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டது. அதற்காகவே மாலையில் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த வீடுகள் எனக்குத் தெரியும். இரவில் தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடித்து, கேட்டதை எழுதி அனுப்பி, நிலையம் அதை உறுதி செய்து அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டை வாங்கிச் சேர்க்கும் நேயர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஆசை உள்ளவர் வாங்கட்டும். செய்தியும் பாட்டும் மட்டும் வேண்டும் என்பவருக்கு அந்தப் பட்டன் தேவையில்லை.

உள்ளேயே மூடிய லித்தியம் பேட்டரியை நான் ஒதுக்குவேன். இரண்டு வருஷத்தில் அது வீங்கும் அல்லது ஓயும். கரண்ட் இல்லாத நாளில் சார்ஜ் போடவும் வழியில்லை. பெட்டிக் கடையில் கிடைக்கும் செல் போடக்கூடிய செட்தான் புயலுக்கு உதவும். கைப்பிடியைச் சுற்றினால் ஓடும் டைனமோ செட்டும் வருகிறது. சத்தம் சுமார்தான், ஆனால் செல்லே தீர்ந்த நாளில் அதன் அருமை தெரியும்.

## வழி மூன்று: போன்

போனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆகாசவாணியின் செயலியில் திருச்சியும் தூத்துக்குடியும் சென்னையும் இரைச்சல் இல்லாமல் கேட்கும். துபாயில் இருக்கும் மகன் ஓய்வு நேரத்தில் போனில் கேட்கிற அதே நிகழ்ச்சியைப் பெரியபட்டினத்தில் வாப்பா கேட்கலாம். சில நொடிகள் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காகவே போனை வாழ்த்தலாம். டேட்டா ஒரு மணி நேரத்துக்கு 30 எம்.பி. பக்கம் போகும். தினம் ஐந்து மணி நேரம் என்றால் 150. இன்றைய பேக்கில் அது பாரமில்லை.

பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுபது தாண்டியவர் கையில் போன் ரேடியோவாக நிற்காது. நடுவில் அழைப்பு வரும், விளம்பரம் வரும், எதையோ தொட்டுவிட்டால் செயலி மூடிவிடும், அப்புறம் பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேடியோவுக்கு ஒரே குமிழ், திருப்பினால் பேசும்.

நேரடி எஃப்.எம். உள்ள போன் என்றால் டேட்டா தேவையில்லை, இயர்போன் ஒயரே ஏரியல். புதுப் போன்கள் பலவற்றில் இயர்போன் செருகும் ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். 2023-இல் மத்திய அரசு போன்களில் எஃப்.எம். இருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. வாங்கும்போது கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. மீடியம் வேவ் எந்தப் போனிலும் வராது. பட்டன் போன் சிலவற்றில் இயர்போன் இல்லாமலே எஃப்.எம். எடுக்கிறது, பாம்பன் சுற்றுவட்டாரத்தில் அது நல்ல தேர்வு.

கடலில் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் சிக்னலை நம்ப முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்து வைக்காவிட்டால் அதுவும் ஒரு செலவு.

## படகுக்கு மட்டும் ஒரு நாலாவது வழி

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இருக்கும் படகில் பழைய கார் ஸ்டீரியோ ஒன்றைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மீடியம் வேவ் உள்ள பழைய மாடலாக எடுத்தால் தனி டிரான்சிஸ்டரைவிட நன்றாக இழுக்கும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை, அதனால் படபடப்பு இருக்காது. பெட்ரோல் அவுட்போர்டு என்றால் எஞ்சின் ஓடும்போது இரைச்சல் வரும். வலை விட்டு எஞ்சினை நிறுத்திய பிறகு கேட்கலாம்.

எந்த ரேடியோவும் கேட்க மட்டும்தான். உதவி கேட்க வாய் வேண்டும். சிக்னல் இருக்கும்வரை போனில் கடலோரக் காவல்படை 1554. அதற்கு அப்பால் வி.எச்.எஃப். கைசெட், 16-ஆம் சேனல். ரேடியோ வாங்கும் காசில் இவற்றைக் குறைக்காதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழைய பெட்டி | புது செட் | போன் |
|---|---|---|---|
| கரண்ட், டவர் போனால் | பேசும் | செல் போடும் வகை என்றால் பேசும் | நேரடி எஃப்.எம். இருந்தால் சார்ஜ் தீரும்வரை |
| கடலுக்குள் | மீடியம் வேவ் வெகுதூரம் | ஃபெரைட் நீளத்தைப் பொறுத்து | பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் |
| உப்புக்காற்று | அரிக்கும், சரிசெய்யலாம் | அரிக்கும், தூக்கிப்போட வேண்டியதுதான் | சார்ஜ் வாய் முதலில் போகும் |
| முதியவர் கை | மிக எளிது | டயல் வகை எளிது | கடினம் |
| மறைந்திருக்கும் செலவு | நிலையம் மூடுவது, வீட்டு இரைச்சல் | மூடிய பேட்டரி | ரோமிங், அடுத்தவர் உதவி |

## யாருக்கு எது

பாம்பன் படகுக்காரருக்கு: ஆமாம், வேண்டும். கிட்டத்தில் மீன்பிடித்தால் எஃப்.எம்.-மும் மீடியம் வேவும் சேர்ந்த சின்ன டயல் செட் ஒன்றை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கரைக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைத்துச் செல்லைக் கழற்றுங்கள். கடலிலேயே தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போகிறவர் என்றால் கார் ஸ்டீரியோ. போன் இரண்டு பேருக்கும் கூடவே இருக்கட்டும்.

தொண்டி அக்காவுக்கு: பழையதைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண செல் போடுகிற புது செட், கைப்பிடி சுற்றும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. செல்லைப் பெட்டிக்குள் போடாமல் ஒரு பாலிதீன் பையில் அதோடு கட்டி வையுங்கள். ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை போட்டுக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

பெரியபட்டினத்துத் தம்பிக்கு: வாப்பாவின் பெட்டியைச் சரிசெய்யுங்கள். கடன் செட்டில் நிலையம் வருகிறது என்று உறுதி செய்த பிறகு, ஐ.எஃப்.டி. திருகைத் தொடாத கையில் கொடுங்கள். பெட்டி நிஜமாகவே முடிந்துவிட்டது என்றால், டிஜிட்டல் வேண்டாம், குமிழ் வைத்த பெரிய பெட்டியாகப் பாருங்கள். லீவுக்கு வந்ததும் உம்மாவிடமோ தங்கச்சியிடமோ நகப்பூச்சு கேட்டு, டயல் கண்ணாடியில் 936-க்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளியும், 1053-க்கு நேராக ஒரு வெள்ளைப் புள்ளியும் வையுங்கள். வாப்பாவுக்கு எண் தெரியாவிட்டாலும் புள்ளி தெரியும். எந்தப் பக்கம் திருப்பி வைத்தால் நன்றாக எடுக்கிறது என்று கண்டுபிடித்து, மேசையில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.